ஸ்டெய்ன் என்று பெயர் வைத்தார்கள்

ஞானஸ்நானத்துக்காகத் தேவாலயத்துக்குள் தூக்கிப் போனபோது ஸ்டெய்ன் நாலரைக் கிலோ இருந்தான். வெளியே வந்தபோது முப்பத்தொரு கிலோ. இது நடந்தது 1931, மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. போதகர் ஹோல்ஸ்ட் மூன்றாம் முறை தண்ணீர் தெளித்துப் பெயரைச் சொல்லி முடித்ததும் குழந்தையை ஏந்தியிருந்த ஞானத்தாய் அப்படியே முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மீனவர்கள் அவனை ஒரு மீன்பெட்டியில் வைத்து வெளியே தூக்கி வந்தார்கள். வழியில் மீன் வியாபாரியின் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். ஹார்வோய் தீவில் அந்த வருடம் காட் மீன் மூன்று வாரம் தாமதமாக வந்திருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஸ்டெய்ன் என்றால் எங்கள் மொழியில் கல். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அவனுடைய அப்பா எய்லெர்ட். அவருக்கும் ஒலாவாவுக்கும் அதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. வழக்கப்படி தாத்தா பாட்டிகளின் பெயர்கள்தான் வைத்தார்கள். முதல் பெண் லெனா ஏழு வாரம் இருந்தாள், அடுத்த பையன் ஆமுண்ட் ஐந்து மாதம். இருவருக்கும் காய்ச்சலோ இருமலோ கிடையாது. நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். ஆமுண்டின் பெட்டியைத் தூக்கியவர்கள் காலிப் பெட்டியைத் தூக்கிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு, பாதி வழியில் இறக்கி, திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே நடந்தார்கள். அதற்குப் பிறகு எய்லெர்ட் ஒரு குளிர்காலம் முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஒலாவா மூன்றாவதாகக் கருவுற்றதும் அவர் வாய் திறந்தார். படகுத்துறையில் பார்ப்பவர்களையெல்லாம் நிறுத்தி, பலமான பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டார். பியோர்ன் என்று ஒருவர் சொன்னார், அதாவது கரடி. கரடி பாதி வருடம் தூங்குமே என்று இன்னொருவர் சிரித்தார். ஓநாய் என்று வைத்தால் எவனாவது சுட்டுவிடுவான், கழுகு என்று வைத்தால் பறந்துபோய்விடும் என்று கேலி நீண்டது. எய்லெர்ட் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது பறக்காத, ஓடாத, காற்று தூக்கிப் போக முடியாத ஒரு பெயர். ஒலாவாவுக்கு அவளுடைய அப்பாவின் பெயரான பேடெரை வைக்க ஆசை.

"குழந்தைக்குப் பேரு தேடுறியா, படகுக்கு நங்கூரம் தேடுறியா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். எங்கேயும் போகாம இருக்கணும்" என்றார் எய்லெர்ட்.

அவர் கேட்டபடியே நடந்தது. ஸ்டெய்ன் போகவில்லை. ஆறு மாதத்தில் எண்பது கிலோ, ஒரு வயதில் நூற்றைம்பது. பார்க்க மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தான். மெல்லிய மஞ்சள் முடி, கன்னத்தில் குழி. தொட்டில் உடைந்தது, பிறகு கட்டில், பிறகு தரைப்பலகை. வீட்டுக்கு அடியில் பாறை வெளியே தெரிகிற மூலையில் கம்பளி விரித்து அவனைப் போட்டார்கள். ஒலாவா அவன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பால் கொடுத்தாள். அவன் அழுதால் தூக்க முடியாது. கையை நீட்டுவான், அவளும் கையை நீட்டி அவன் விரல்களைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் தீவில் எத்தனையோ பெண்கள் பிள்ளையை இழந்திருக்கிறார்கள். பிள்ளை கண்முன்னே கொழுகொழுவென்று இருந்தும் ஒருமுறைகூட இடுப்பில் வைத்துக்கொள்ள முடியாமல் போனவள் அவள் ஒருத்திதான். தண்ணீருக்குள் எடை குறையும் என்று யாரோ சொல்ல, ஒரு ஜூலை மாதம் நான்கு பேர் அவனைப் பலகையில் இழுத்துக் கடலில் இறக்கினார்கள். அவன் தலை மட்டும் வெளியே தெரியும் ஆழத்தில் மண்டியிட்டு, ஒலாவா முழு மூச்சையும் பிடித்துத் தூக்கினாள். அவன் அடிமணலை விட்டு ஒரு கையளவு மேலே வந்தான். அவள் உதடு நீலமாகும்வரை அப்படியே வைத்திருந்தாள். அடுத்த வருடம் அதுவும் முடியவில்லை.

நான்கு வயதில் நடந்தான். அதன்பின் பாறை மேல் மட்டும் நடக்கக் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடம் பக்கத்துத் தீவில் இருந்தது, படகு அவனைத் தாங்காது. ஆகவே ஆசிரியை வாரம் ஒரு நாள் இங்கே வந்தார். போர்க்காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் அவனை ஒரு லாரியில் ஏற்றப் பார்த்ததில் அச்சு முறிந்தது. சாலை மோசமாக இருந்ததால் முறிந்தது என்று அறிக்கை எழுதினார்கள். தீவில் அப்போது சாலையே கிடையாது. 1949 ஜனவரிப் புயலில் படகுத்துறையின் கட்டைகள் பிடுங்கிக்கொண்டு போனபோது, பதினோரு படகுகளின் கயிறுகளையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு விடியற்காலை முதல் மறுநாள் மத்தியானம்வரை ஸ்டெய்ன் பாறையில் நின்றான். ஒரு படகும் போகவில்லை. அந்த வருடம் தீவில் பிறந்த ஆறு ஆண்குழந்தைகளுக்கும் பியோர்ன், ஓநாய் என்று பொருள்படும் உல்வ் என்றெல்லாம் பலமான பெயர்களாக வைத்தார்கள். அந்தப் பெயர்கள் எதையும் செய்யவில்லை. உல்வ் என்பவன் இப்போது நகரத்தில் தையல்காரனாக இருக்கிறான்.

எய்லெர்ட் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு வருடம்தான். மனைவியின் முகத்தை அவர் அதற்கு முன்பும் பின்பும் நேராகப் பார்த்ததில்லை. தந்தி அலுவலகத்துப் பெண் யென்னி ஒரு கோடை விழாவில் ஸ்டெய்னோடு நடனமாடினாள். மண்டபத்தில் முடியாது என்பதால் வெளியே வெறும் பாறையில், உள்ளிருந்து கேட்ட அக்கார்டியன் இசைக்கு. செப்டம்பரில் அவள் வெளியூரில் வேலை கிடைத்து நீராவிக்கப்பலில் போனாள். கப்பல் மறைந்த பிறகும் அவன் துறையை ஒட்டிய பாறையில் நின்றான். சாப்பிடக் கூப்பிட வந்த எய்லெர்ட் கூப்பிடாமலே திரும்பிவிட்டார்.

1954 ஆகஸ்ட்டில் ஒலாவா மஞ்சள் பெர்ரி பறிக்கச் சதுப்புக்குப் போனாள். தீவின் நடுவில் இருக்கும் அந்தச் சதுப்பின் ஆழம் ஒன்பது மீட்டர் என்று சொல்வார்கள். அதன் ஓரத்தில்கூட ஸ்டெய்ன் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவள் கணுக்கால் முறிந்து நடுவில் விழுந்துவிட்டாள். ஆண்களெல்லாம் கடலில் இருந்தார்கள், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டது அவன் ஒருவனுக்குத்தான் கேட்டது. ஓரத்தில் வந்து நின்றவனைப் பார்த்ததும், வராதே, போய்ப் பெண்களைக் கூட்டி வா என்று கத்தினாள். அவன் இறங்கினான். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை, பிறகு தொடைவரை புதைந்து, பிடுங்கி, நாற்பது அடி நடந்து அவளிடம் போனான். அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு திரும்பினான். பாறைக்கு நான்கு அடி இருக்கும்போது கால் எழவில்லை. அவளைக் கைநீட்டிப் பாறை மேல் வைத்தான். அதன்பின் அவனால் நகர முடியவில்லை.

பெண்கள் பலகைகள் போட்டார்கள். மாலையில் வந்த ஆண்கள் கயிறு சுற்றும் வின்ச் பூட்டி இழுத்தார்கள். கயிறு தாங்கியது. அவன் தோள்தான் முறியும்போல் சத்தம் போட்டது, நிறுத்தச் சொன்னான். மறுநாள் பார்த்தபோது ஒரு விரற்கடை இறங்கியிருந்தான். அதற்கடுத்த நாளும் ஒரு விரற்கடை. சுற்றித் தோண்டினால் தோண்டிய குழிக்குள் சேறு வந்து நிறைந்தது. அவன் முழுதாக மூழ்க இரண்டு மாதம் ஆகும் என்று பள்ளி ஆசிரியை கணக்கிட்டுச் சொன்னார்.

மார்பளவு இறங்கியபோது எய்லெர்ட் போய்ப் போதகர் ஹோல்ஸ்டை அழைத்து வந்தார். வேறு பெயர் வைத்தால் எடை போய்விடும் என்பது அவர் எண்ணம். ஒருவருக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் கொடுப்பது முறையில்லை. ஆனாலும் கிழவரான ஹோல்ஸ்ட் ஒரு கிண்ணம் தண்ணீரோடு பலகைமேல் தடுமாறி வந்து சேர்ந்தார்.

"என்ன பேருப்பா?" என்று ஸ்டெய்ன் கேட்டான்.

"பேடெர். உங்கம்மா அன்னிக்கே கேட்டா. நான்தான் கேக்கல."

ஸ்டெய்ன் யோசித்தான். "பேடெர்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்பா. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சுப்பேன்."

எய்லெர்ட் பலகையில் மண்டியிட்டார். "உன்னை எப்படியாவது வச்சுக்கணும்னுதான்டா அந்தப் பேரை வச்சேன்."

"வச்சுக்கிட்டியே. இருபத்திமூணு வருஷம்" என்றான் ஸ்டெய்ன்.

போதகர் தண்ணீரைச் சதுப்பில் ஊற்றிவிட்டுத் திரும்பினார். பேடெர் என்பது வேதாகமத்தில் வரும் பேதுருதான், அதற்கும் கிரேக்க மொழியில் பாறை என்றுதான் பொருள் என்பது அவருக்குத் தெரியும். பலகையில் வரும்போதே அது அவர் நினைவில் இருந்தது. அதை அவர் அங்கே சொல்லவில்லை. சபையின் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதி வைத்தார்.

ஒலாவா தினமும் வந்தாள். காலில் கட்டோடு முதலில் ஒரு சறுக்குவண்டியில் இழுத்து வந்தார்கள், பிறகு ஊன்றுகோலில் தானே வந்தாள். பலகையில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள், காப்பி கொடுத்தாள், தலை சீவினாள். தோள் மறைந்தபின் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. குளிர் அவனை ஒன்றும் செய்யவில்லை.

"என்னை அங்கேயே விட்டிருக்கணும் நீ" என்றாள் ஒருநாள்.

"உன்னைத் தூக்கினதும் எனக்கு ஆச்சரியமாப் போச்சும்மா. நீ இவ்வளவு லேசா இருப்பேன்னு நான் நினைக்கவே இல்ல."

அவள் அவன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். "வலிக்குதாடா?"

"இல்ல. இதுக்குள்ள என் எடையே தெரியல. மத்தவங்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்குமோ என்னவோ."

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, முதல் பனி விழுந்த மத்தியானம், அவன் நெற்றி மறைந்தது. முடி இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்தது. எய்லெர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அது முழுதாக மூடியதும் ஒலாவா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். மற்றவர்கள் பலகைகளை எடுத்துவிட்டு, அவள் உட்கார்ந்திருந்ததை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். எய்லெர்ட் போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பல வருடங்களாக அவர்கள் அப்படி ஒன்றாக உட்கார்ந்ததில்லை. எய்லெர்ட் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

1961இல் துறையிலிருந்து தேவாலயத்துக்குச் சாலை போட முடிவாகி, கரையிலிருந்து ஓர் அளவையாளர் வந்தார். சதுப்பு முழுக்க இரும்புக்கம்பியை அடித்துப் பார்த்தார். எங்கேயும் அடி தட்டவில்லை. ஒரே ஓர் இடத்தில் இரண்டு மீட்டரில் தட்டியது. சுற்றிலும் சோதித்ததில் அங்கே பெரிய பாறை ஒன்று இருப்பதாகத் தெரிந்தது; இரண்டாம் முறை அளந்தபோது அகலம் கூடியிருந்ததால், இன்னும் அகலமாகிக்கொண்டிருக்கலாம் என்றும் குறித்துக்கொண்டார். பழைய வரைபடம் எதிலும் அது இல்லை. இதற்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். எல்லோரும் ஒலாவாவைப் பார்த்தார்கள்.

"ஸ்டெய்ன்" என்றாள் அவள்.

"கல்லுதான், அது தெரியுதும்மா. பேரு என்னன்னு கேக்கறேன்."

"அதான் பேரு."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார், வரைபடத்திலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. சாலை அதன்மேல்தான் போகிறது. தீவிலேயே உறுதியான சாலை அந்த இடத்தில்தான், ஒருமுறைகூட விரிசல் விட்டதில்லை. பால்வண்டி போகிறது, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் போகின்றன. வெள்ளிக்கிழமைகளில் ஒலாவா கடையிலிருந்து அந்த வழியாகத் திரும்புவாள். அந்த இடம் வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு நிற்பாள். வண்டி ஏதாவது வந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துச் சுற்றிக்கொண்டு போவார். அவள் வேண்டியமட்டும் நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.