வீட்டின் சத்தம்

"கோப்பையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டாம்," என்றாள் இங்கர் என்ற அந்த வெள்ளைக்காரப் பெண், ஆங்கிலத்தில்.

"நான் தேநீர்தான் குடிப்பேன்," என்றாள் கனகேஸ்வரி, அவளும் ஆங்கிலத்தில்.

"பரவாயில்லை. நிகழ்ச்சிக்குப் பணம் போடுவது ஒரு காப்பிக் கம்பெனி."

கதவோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டு ஹபீபா பீவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காப்பி விக்கத்தான் நார்வேலேர்ந்து பினாங்குக்கு பிளேன் ஏறி வந்தாங்களா? உள்ள பாருங்கக்கா, கோப்பையில ஒண்ணுமே இல்லலா!"

"சும்மா இரு, ஹபீபா."

விளம்பரத்தால் பிழைக்கும் நார்வே தொலைக்காட்சி ஒன்று, அன்னையர் தினத்துக்காக ஒரு நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தது. பிற நாடுகளிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களின் தாய்மாரைத் தேடிப்பிடித்து, பிள்ளைக்கு நாலு வார்த்தை பேசவைத்துப் படம் பிடிப்பார்கள். ஸ்தவாங்கர் ஊரில் எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியராக இருந்த சற்குணம், பினாங்கில் சுங்கை பினாங் பகுதியிலிருந்த தன் தாயின் விலாசத்தைக் கொடுத்துவிட்டான். ஒரே மகன்; பினாங்குத் தமிழில் வளர்ந்து, நார்வேயில் ஆன்னாவைக் கட்டியவன். தகப்பன் அம்பிகைபாகனின் காரியத்துக்கு வந்து போனவன்தான். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை டெலிபோனோடு சரி.

"என்னக்கா சொல்லப் போறீங்க மகன்கிட்ட?" என்று காலையிலேயே ஹபீபா கேட்டிருந்தாள்.

"வரச் சொல்லப் போறன்."

"அத போன்லயே சொல்லலாமேக்கா?"

"போனில அவன் கேள்வி கேப்பான். ஏன், உடம்புக்கு என்ன, காசு வேணுமா எண்டு. உடன என்ர வாய், எனக்கென்ன குறை, நல்லா இருக்கிறன் எண்டு சொல்லிப்போடும். கேமரா ஒண்டும் கேக்காது பார்."

இப்போது கேமரா எதிரே நின்றது. கேமராக்காரன் தலையசைத்தான். காதில் பெரிய குமிழ்களை மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரன், நுனியில் மைக் கட்டிய நீளக் கோல் ஒன்றை அவள் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்தான்.

"உங்கள் மொழியிலேயே பேசுங்கள்," என்றாள் இங்கர். "கீழே எங்கள் மொழியில் எழுத்துப் போட்டுவிடுவோம்."

கனகேஸ்வரி கண்ணாடி வட்டத்தைப் பார்த்தாள்.

"ராசா," என்றாள். "நான் நல்லா இல்ல. உடம்புக்கு ஒண்டுமில்ல, பயப்பிடாத. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுறதெண்டு இன்னும் எனக்குப் பிடிபடேல்ல. ஹபீபா கடைக்குப் போனாப் பிறகு, மூச்சுவிட்டா எனக்கே கேக்குது. லீவு கிடைக்கிற நேரம் எண்டு சொல்லாத. லீவு எடு. ஒருக்கா வந்திட்டுப் போ…"

பாம்! பாம்! பாம்!

வாசலில் ரொட்டி விற்பவனின் மோட்டார் சைக்கிள். "அக்கா! ரொட்டி! என்ன இன்னைக்குக் கதவு சாத்தியிருக்கு?"

ஹபீபா பாய்ந்து ஓடினாள். "சீனி முகம்மது அண்ணே, ஒரு நாளைக்குக் கூடவா சும்மா போக மாட்டீங்க? உள்ள ஷூட்டிங்லா!"

"ஷூட்டிங்கா? யாரு கதாநாயகி?"

"அக்காதான்."

"அப்ப ரொட்டிக்காரன் வேஷத்துக்கு நான் ரெடி. வேற ஆள் தேட வேணாம்."

ஒலிப்பதிவுக்காரன் காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினான்.

"அருமையாகப் பேசினீர்கள்," என்றாள் இங்கர். "ஆனால் கடைசி வரியை ஹார்ன் விழுங்கிவிட்டது. அப்படியே இன்னொரு முறை சொல்லுங்கள்."

"அப்படியேயா?"

"அதே வார்த்தைகள்."

கனகேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அறையில் இத்தனை பேர் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"சற்குணம், நான் இங்க நல்லா இருக்கிறன். ஒரு குறையும் இல்ல. நீயும் ஆன்னாவும் பிள்ளையளும் சுகமா இருக்க வேணும்."

காலிக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தியும் காட்டினாள்.

"பிரமாதம்!" என்றாள் இங்கர்.

தமிழ் புரிந்த ஒரே ஆள் ஹபீபா. அருகில் வந்து குனிந்தாள். "என்னக்கா இது? முதல்ல சொன்னது எங்க போச்சு? திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

"விடு. ரெண்டு தரம் பிச்சை கேக்க எனக்கு வராது."

வேலை முடிந்ததென்று நினைத்து அவள் எழுந்தாள். ஒலிப்பதிவுக்காரன் கையை உயர்த்தித் தடுத்தான்.

"ஒன்று பாக்கி. அரை நிமிடம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. வீட்டின் சத்தம் வேண்டும்."

"இங்கே ஏது சத்தம்?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு அம்மா. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதைத்தான் வைப்போம்."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். சுவர்க் கடிகாரம். குசினிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு. பொறுத்து, இன்னொன்று. குளிர்பெட்டி முனகி அடங்கியது. தினமும் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்பதை, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த மூன்று பேர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, யாரோ அலமாரியைத் திறந்து பார்த்தது போல.

"நல்ல அமைதியான வீடு," என்று பாராட்டிவிட்டு அவன் கம்பிகளைச் சுருட்டினான்.

நார்வேயில் அன்னையர் தினம் பிப்ரவரியில். அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை டெலிபோன் அடித்தது.

"அம்மா! போன வாரம் உங்கள டிவியில பாத்தோம்!"

"எப்படி இருந்தது?"

"சூப்பர்மா. நீங்க முடிச்ச உடனே காப்பி விளம்பரம். ஆபீஸ்ல கேக்கறாங்க, உங்கம்மா அந்தக் காப்பிதான் குடிப்பாங்களான்னு."

"அது காலிக் கோப்பை, தம்பி."

சற்குணம் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "சம்மர் லீவுக்கு பினாங்கு வரணும்னுதான்மா நெனச்சிருந்தோம். டிவியில பாத்துட்டு ஆன்னா சொல்றா, அம்மா ஜம்முன்னு இருக்காங்களே, பிள்ளைங்கள ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போவோம்னு. இன்னும் டிக்கெட் எடுக்கல. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கென்ன குறை என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. கனகேஸ்வரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறன். கொஞ்ச நேரம் பேசாமக் கேள்."

"என்னத்தம்மா?"

"வீட்டை."

அந்த வெள்ளைக்காரன் கோலை நீட்டியது போல, ரிசீவரைக் கூடத்துப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கடிகாரம் ஓடியது. குழாய் சொட்டியது. கை கடுத்த பிறகுதான் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையேம்மா."

"ஓம். தினமும் இதுதான்."

அவன் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்டது: தட்டில் கரண்டி, யாரையோ கூப்பிடும் பிள்ளைக் குரல், பாட்டோடு ஒரு விளம்பரம்.

"ராசா, ஒருக்கா வந்திட்டுப் போ," என்றாள்.

பாம்! பாம்! பாம்!

"அக்கா! ரொட்டி!"

"என்னம்மா அது ஹார்ன்? நீங்க சொன்னது கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

கனகேஸ்வரி வாசலைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை. சீனி முகம்மது இன்னும் இரண்டு முறை அடித்துப் பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து போகும்வரை, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"வா எண்டு சொன்னன்," என்றாள்.