பர்ஸோடு போன பி.ஆர். கார்டு

நெனிதா அறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். மெத்தைக்கு அடியில், பனிக்காலணிக்குள், அரிசி டப்பாவில்கூடத் தேடியாயிற்று. பி.ஆர். கார்டு, அந்த நிரந்தர வசிப்புரிமை அட்டை, இல்லை. கனடாவை விட்டு வெளியே போய்விடலாம். அந்தக் கார்டு இல்லாமல் திரும்பி வர எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஆறு வாரத்தில் கடல் கடந்த சொந்த ஊரான இலோயிலோவில் மகள் லிசெலுக்கு நர்ஸிங் பட்டமளிப்பு. வின்னிபெக்கில் பதினோரு வருடம் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

"கடைசியா எப்பக்கா பாத்த?" என்றாள் கூட வேலை செய்யும் தேலியா.

"ஊருக்குப் பெட்டி கட்டுறதுக்கு முந்தி..."

சொல்லும்போதே பெட்டியில் வைத்தவை வரிசையாக நினைவுக்கு வந்தன. டப்பா இறைச்சி, சாக்லேட், சோப்பு, அவற்றுக்கு நடுவே லிசெலுக்கென்று தன் சிவப்புப் பர்ஸ். காலிப் பர்ஸ் கொடுத்தால் ராசியில்லை என்று இருபது டாலர் நோட்டைச் செருகிய மகராசி, உள்ளறையைத் தடவிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாருக்கு வரும் இந்தப் புத்தி?

"நல்ல ராசிக்கா! இருபது டாலரோட சேத்து கனடாவையே கட்டி அனுப்பிட்ட."

பெட்டி நடுக்கடலில் இருந்தது. போய்ச் சேர இரண்டு மாதம்.

அந்தக் கார்டில் இருந்ததும் பழைய பெயர், ஓடிப்போன புருஷனின் வில்யாரூஸ். கல்யாணம் செல்லாது என்று ஊர் நீதிமன்றம் ஒன்பது வருடம் இழுத்தடித்து, இந்த வருடம்தான் தீர்ப்புச் சொன்னது. பாஸ்போர்ட்டில் தாய்வீட்டுப் பெயரான துமலாகன் வந்துவிட்டது. கார்டை அப்புறம் மாற்றலாம் என்று இருந்தாள். இப்போது தொலைந்ததும் பெயர் மாறியதும் ஒரே விண்ணப்பத்தில்.

"பஸ்ல தொலைஞ்சுதுன்னு எழுதுக்கா. உண்மைய எழுதினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டி. பொய் எழுதி மாட்டினா நான்ல அழணும்."

பர்ஸ், பெட்டி, கப்பல் எல்லாவற்றையும் எழுதினாள். தீர்ப்பின் நகலையும் விமான டிக்கெட்டையும் வைத்து, அவசரம் என்று குறித்து அனுப்பினாள்.

அன்று மகளிடம் போனில் கார்டு போனதையும் பெயர் மாறியதையும் சொன்னாள். லிசெல் கேட்டது இதுதான்:

"அப்ப எம்பேரும் உம்பேரும் வேற வேறயாம்மா?"

நெனிதா பேச்சை விமான டிக்கெட் பக்கம் திருப்பினாள். கார்டு தொலைந்ததைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகம் வாட்டியது. வேலையில் கவனமில்லை, ஒரு தாத்தாவுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது உறை வந்தது. புத்தம்புதுக் கார்டு: நெனிதா துமலாகன். தேலியா அதை வாங்கி நெனிதாவின் வேலை அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக் கட்டப் பார்த்தாள்.

பட்டமளிப்பு மண்டபத்தில் நெனிதா வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். எங்கள் பிள்ளைகளின் பெயர் நடுவே அம்மாவின் தாய்வீட்டுப் பெயர் நிற்கும்; மேடையில் அதை ஒற்றை எழுத்தாக்கி விழுங்கிவிடுவார்கள். மற்ற பிள்ளைகளை அப்படித்தான் அழைத்தார்கள்.

"லிசெல் துமலாகன் வில்யாரூஸ்!"

நெனிதா எழுந்தே நின்றுவிட்டாள்.

"முழுசாப் படிக்கணும்னு நாந்தாம்மா எழுதிக் குடுத்தேன்," என்றாள் லிசெல் கீழே வந்து. "நான் பொறந்ததுலேருந்து உம்பேரு எம்பேருக்கு நடுவுலதானே இருக்கு."

நெனிதா வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி வந்ததும் பழைய கார்ட எனக்கு அனுப்பிடு. ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும். இருபது டாலர் உனக்கு."

"எந்தப் பர்ஸ்லயும் வெச்சு அனுப்ப மாட்டேம்மா," என்றாள் மகள்.