சுரங்கக் காற்று மசோதா

ஜோசையா டிரெகியர் மந்திரியாகி நாலு மாதம் ஆனபோது, அவருடைய பழைய தோழர்களே அவரிடம் மனு கொடுக்க வந்தார்கள். பதினெட்டு வருஷம் ரட்ஸ் கல்லி தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர் அவர். மாநிலத்தின் முதல் தொழிற்கட்சி அரசில் சுரங்கத் துறை அவருக்குக் கிடைத்த செய்தி வந்த அன்று, அந்த ஊரில் ஒரு பீப்பாய் பீர்கூட மிச்சமில்லை. ஆனால் சட்டசபையில் கட்சிக்குப் பெரும்பான்மை கிடையாது. நாலு சுயேச்சைகளின் தயவில்தான் ஆட்சி ஓடிக்கொண்டிருந்தது.

தொழிற்சங்கச் செயலாளர் டான் கெராட்டி தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"மந்திரி அவர்களே, உக்காரலாமா? இல்ல, நின்னுக்கிட்டேதான் மனுவ வாசிக்கணுமா?"

"உக்காருடா டான். ஏன் குத்திப் பேசுற?"

"வேற எப்படிப் பேசறது? சுரங்கத்துக்கு அடியில மூணாவது தட்டுல மெழுகுவத்தியே எரிய மாட்டேங்குது, அவ்வளவு கெட்ட காத்து. போன வாரம் நம்ம கூட்டாளி லீரிய மயக்கத்துல தூக்கிட்டு வந்தோம். நீ இங்க ஜன்னல் பக்கம் உக்காந்து நல்லாத்தான் மூச்சு விடுற."

டிரெகியருக்கு முகம் சிவந்தது. சுரங்கத்துக்குள் நல்ல காற்று வர வழி செய்யாத கம்பெனியைத் தண்டிக்கும் மசோதாவைப் பதவியேற்ற முதல் வாரத்திலேயே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். துறைச் செயலாளர் ஹார்ட்விக் அதை மரியாதையோடு வாங்கி, சட்ட அதிகாரியின் கருத்துக்கு அனுப்பினார். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. 'சுரங்கம்' என்ற சொல்லுக்கு விளக்கம் போதாது என்று ஓரத்தில் ஒரே ஒரு வரி.

கெராட்டி வந்துபோன மறுநாள் மந்திரிசபைக் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்டினார். அச்சுக்கோப்பவராக இருந்து மாநிலத்தின் தலைமை மந்திரியான பிரீமியர் சுருட்டை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறு, ஜோ. இந்தத் தடவை மேல்சபையச் சீண்ட வேணாம். நமக்கும் ஆட்சி நடத்தத் தெரியும்னு ஜனங்க முதல்ல நம்பட்டும்."

"நம்ம ஆளுங்களே நம்பலைன்னா, மத்தவங்க நம்பி என்ன ஆகப்போவுது?"

மற்ற நாலு மந்திரிகளும் காகிதத்தைப் புரட்டினார்கள். ராஜினாமா செய்துவிடுவேன் என்று அவர் எழுந்த பிறகுதான் மசோதா சபைக்குப் போனது. கீழ்ச்சபையில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தேறியது. சொத்துள்ளவர்கள் மட்டும் ஓட்டுப்போட்டு அனுப்பும் மேல்சபையோ, நாற்பதே நிமிஷத்தில் அதைத் தூக்கியெறிந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது.

அடுத்த மாதம் சுயேச்சைகளில் இருவர் மறுபக்கம் சாய்ந்தார்கள். வியாழக்கிழமை நாலு மணிக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம். அன்று காலை, வேறெதற்கோ பழைய சுரங்கச் சட்டத்தைப் புரட்டிய டிரெகியர் ஒரு பிரிவில் திகைத்து நின்றார். சுரங்க ஆய்வாளரை மந்திரியே நியமிக்கலாம். காற்று கெட்டிருந்தால் அந்த ஆய்வாளர் வேலையை நிறுத்தலாம். சபையின் சம்மதமே வேண்டாம்.

ஹார்ட்விக்கைக் கூப்பிட்டார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

டிரெகியர் ஆய்வாளர் நியமன உத்தரவுத் தாளை இழுத்தார். கெராட்டியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். ஹார்ட்விக் கை நீட்டியபோது கொடுக்காமல், தானே அரசு அச்சகத்துக்கு நடந்தார். எழுத்துக் கோத்து முடித்து, நியமனத்தைச் செல்லுபடியாக்கும் கெஜட் ஈர மையோடு வெளியே வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். அப்போது மணி இரண்டரை. ஐந்துக்கெல்லாம் ஆட்சி கவிழ்ந்துவிட்டது.

சனிக்கிழமை ரட்ஸ் கல்லி ரயிலடியில் கெராட்டி காத்திருந்தார்.

"ஆறு மந்திரிங்க, எட்டு மாசம். கடைசியில ஒரே ஒரு ஆய்வாளர்."

"ஆமா."

"அதையும் முதல் நாளே பண்ணியிருக்கலாம்."

"ஆமாண்டா. வேலைய எடுத்துக்கிறியா, இல்ல திட்டிக்கிட்டே நிக்கப்போறியா?"

"ரெண்டும் பண்ணுவேன்" என்றார் கெராட்டி.

திங்கட்கிழமையே அவர் மூன்றாவது தட்டை மூடினார். கம்பெனி ஒன்பது நாள் முரண்டு பிடித்துவிட்டுக் காற்றுக் குழாய் போட்டது. மூன்று மாதத்தில் புது மந்திரி அவரைக் கடலோரக் கல்குவாரிகளுக்கு மாற்றிவிட்டார். எதிர்வரிசையிலிருந்து டிரெகியர் எழுந்து காரணம் கேட்டார். நிர்வாக வசதி என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் எழுந்து கேட்டார். அதே பதில்தான்.