இரண்டு சார்களுக்கு நடுவில்

வைப்பர் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, துடைத்த கண்ணாடியில் ஒரு நொடி ஓடுபாதையின் விளக்குகள் தெரிந்து மறுபடி கரைகின்றன, கீழே தரை ஓடிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் மட்டும் தொடமாட்டேன் என்கிறது, இடது இருக்கையில் கேப்டன் தேவசகாயம் அங்கிள், வலது இருக்கையில் துணை விமானியாக அம்மா, அவர்களுக்குப் பின்னால் நான், காலேஜ் சேர்ந்த பிறகும் கனவில் ஏனோ பழைய பள்ளிக்கூட யூனிஃபார்மில், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், வாய் நிறைய மழைத்தண்ணீர். நான் அங்கே இல்லவே இல்லை, அன்றைக்குப் பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன், ஆனாலும் கண்ணை மூடினால் அங்கேதான் போய் உட்காருகிறேன், இதோ பக்கத்தில் அம்மா தூங்குகிறாள், தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள், விடிந்தால் விசாரணை, அம்மாவின் விமானம் புயல்மழையில் ஏன் பாதையைத் தாண்டி ஓடியது, யார் பொறுப்பு என்று கேட்கப்போகிறார்கள்.

யார் பொறுப்பு என்று டிவிக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், சிவப்பு அம்புக்குறி போட்டு, இங்கே தொட்டிருக்கவேண்டும், இங்கே தொட்டது, வழுக்கியது, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது, எல்லோரும் பிழைத்தார்கள், ஒரு தாத்தாவுக்கு மட்டும் கை முறிந்தது, வானிலைக்காரர்கள் நாங்கள் எச்சரித்தோம் என்றார்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் பாதை ஈரம் என்று சொன்னோமே என்றார்கள், ஈரம் வேறு, தண்ணீர் நிற்பது வேறு இல்லையா, க்ளாஸில் கௌதமன் மட்டும் என்னிடமே கேட்டான், உங்கம்மா ஃப்ளைட்ட வயல்ல இறக்கி நாத்து நட்டாங்களாமே, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் போய் அழுதேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு, அம்மா விமானத்திலிருந்து கொண்டுவந்தது, இறங்கும்போது விமானிகள் இருவரில் ஒருவருக்குச் சரியில்லை என்று பட்டாலும் கோ அரவுண்ட் என்று சொல்லவேண்டும், இறங்காதே, மறுபடி மேலே ஏறு என்று அர்த்தம், சொன்னால் ஓட்டுகிறவர் உடனே ஏறிவிடவேண்டும், ஏன் என்பதை மேலே போய்க் கேட்டுக்கொள்ளலாம், வீட்டிலும் அப்படித்தான், அப்பா சாம்பாரில் இரண்டாம் தடவை உப்புப் போடப் போனால் நான் கத்துவேன், அப்பா கையை எடுத்துவிட்டுத்தான் முறைப்பார், ஒருமுறை அப்பாவும் அம்மாவும் பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கதவோரமாக நின்று கோ அரவுண்ட் என்றேன், இரண்டு பேரும் பாதி வாக்கியத்தில் நின்றார்கள், அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாதான் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில், தமிழில், சார், கொஞ்சம் நீளமா போகுது சார் என்றிருக்கிறாள், தொடவேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறோம் என்று அர்த்தம், கறுப்புப்பெட்டியில் அப்படியே இருக்கிறதாம்.

எப்படிச் சொல்வாள், கவுண்டரில் போர்டிங் பாஸ் கிழித்துக்கொண்டிருந்தவளை, ஏ கோத, நீ ஏன் ஓட்டக்கூடாது என்று முதல்முதலாகக் கேட்டவர் தேவசகாயம் அங்கிள், அம்மாவை அவர் கோத என்றுதான் கூப்பிடுவார், நாகர்கோவில்காரர், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு நேந்திரங்காய் சிப்ஸோடு வந்தார், எப்போதும் கொண்டுவருவதைவிடப் பெரிய பொட்டலம், யாரும் பிரிக்கவில்லை. கோத, நாந்தான் இறக்குனேன், எல்லாத்தையும் எந் தலையில போட்டுரு கேட்டியா, எனக்கு சர்வீஸ் இந்த வருஷத்தோட முடிஞ்சு, ஒனக்கு வயசு கெடக்கு என்றார். இறக்கினது நீங்க, வேணாம்னு சொல்லவேண்டியது நான் என்றாள் அம்மா. அதான் சொன்னியே, முன்னால ஒரு சார், பின்னால ஒரு சார், அதுலயே எனக்கு வெளங்கியிருக்கணும் என்றார். வெளங்கிக்கறதுக்கு அங்க ஏது சார் நேரம். அங்கிள் என்னைப் பார்த்து, பிள்ள, சிப்ஸப் பிரி, நமத்துப்போவும் என்றார், அவர் குரல்தான் நமத்துப்போயிருந்தது, இரண்டு பேரும் பழியை மாற்றி மாற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள், எனக்கோ அம்மா தலையாட்டிவிட்டால் போதும் என்றிருந்தது, ஆட்டவில்லை.

இன்று சாயங்காலம் நாளைக்குக் கட்டவேண்டிய புடவையை இஸ்திரிக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தோம், நான்தான் ஸ்கூட்டி ஓட்டினேன், பின்னால் அம்மா, மடியில் பிளாஸ்டிக் கவரில் புடவை, மழை பிடித்துக்கொண்டது, ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர், எவ்வளவு என்று தெரியவில்லை, முன்னால் போன ஷேர் ஆட்டோ அலையடித்துக்கொண்டு ஏறிவிட்டது, நாமும் போயிடலாம் என்று நான் சரிவில் விட்டேன், கோ அரவுண்ட் என்றாள் அம்மா, காதுக்குள், முன்னால் கொஞ்சம் என்ற இழுப்பு இல்லை, பின்னால் ம்மா என்ற குழைவு இல்லை, வேறொன்றுமே இல்லை, என் கை தானாகத் திருப்பியது, பின்னால் வந்த பைக்காரர் ஏம்மா ரோடா இது, உங்க வீட்டு வாசலா என்று கத்தினார், டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றபோது அடுத்து இறங்கிய ஆட்டோ பாதியில் அணைந்து, இருக்கை வரைக்கும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோம். அம்மா என்னையே பார்த்தாள், பாத்தியாடி, உங்கிட்ட எவ்ளோ சுலபமா வருது, அவர்கிட்ட வரல, நாளைக்கு இதைத்தான் சொல்லப்போறேன். சொன்னா உன்ன மறுபடி ஓட்ட விடமாட்டாங்களேம்மா. விடாமலும் போகலாம், ஆனா அங்கிள் தலைல மட்டும் எழுதிட்டா, அடுத்தவ எவளோ சார் சார்னுதான்டி சொல்லிட்டு உக்காந்திருப்பா. அப்போதுதான் எனக்கு வாயில் வந்துவிட்டது, இத்தனை நாள் சொல்லாதது, நீ ஓட்டலன்னாலும் பயமா இருக்கும்மா, மறுபடி ஓட்டினாலும் பயமா இருக்கு. அம்மா புடவைக் கவரை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எனக்கும்தான் என்றாள், டீ சொல்லட்டுமா என்றாள்.

இப்போது இருட்டில் அம்மாவின் கை என் முதுகில் வந்து விழுகிறது, தூங்கு என்கிறது, அப்படியென்றால் அவளும் தூங்கவில்லை, கண்ணை மூடுகிறேன், வைப்பர் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, விளக்குகள் கரைகின்றன, தரை ஓடுகிறது, நான் வாயைத் திறப்பதற்குள் வலது இருக்கையிலிருந்து அம்மா சொல்லிவிடுகிறாள், இரண்டே வார்த்தை, முன்னாலும் சார் இல்லை, பின்னாலும் சார் இல்லை, தேவசகாயம் அங்கிள் ஏன் என்று கேட்கவில்லை, சரி கோத, ஏறுவோம் என்கிறார், மூக்கு நிமிர்கிறது, விளக்குகள் கீழே சின்னதாகிக்கொண்டே போகின்றன, மழை விடவில்லை, இன்னும் நாங்கள் எங்கேயும் இறங்கவில்லை, சுற்றிக்கொண்டிருக்கிறோம், என் முதுகில் அந்தக் கை அப்படியே இருக்கிறது.