தங்கச்சி தோட்டம்

கொற்கைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன வாழைத் தோட்டத்தில் தென்பாதி கிங்ஸ்டனுக்கு, வடபாதி தங்கை ஜெயஷீலாவுக்கு. அவள் நாசரேத்தில் டீச்சர். லீவு நாட்களில் வந்து வரப்பு நெடுக வேம்பும் புங்கையும், வாழைக்கு நடுவே அகத்தியும் முருங்கையும் வைத்தாள்.

"ஏளா, வாழைத் தோட்டமா, காடா?" என்று கிங்ஸ்டன் எல்லார் முன்னாலும் சிரித்தான். விவசாயத் துறை அவனுக்கும் மரக்கன்றுகள் கொடுத்திருந்தது. அவை பம்புசெட் அறைக்குப் பின்னால் கிடந்து காய்ந்தன.

சில வருஷம் கழித்து வந்த பெருவெள்ளத்தில் அவன் வாழை மண்ணோடு போனது. ஜெயஷீலாவின் வரப்பை வேர்கள் பிடித்துக்கொண்டன. அடுத்த கோடையில் அடித்த அனல்காற்றில் அவன் புதுக்கன்றுகள் கருகின. அவள் பக்கம் அகத்தி நிழலில் வாழை தழைத்து நின்றது.

அப்போதுதான் விவசாயத் துறைக்குப் புதிதாக வந்த அதிகாரி போன் செய்தார். "விவசாயிகள் சங்கத் தலைவர் நீங்க. உங்க மரமெல்லாம் எப்படி சார் இருக்கு? வெளியூர் விவசாயிகளைக் கூட்டிட்டு வரலாமா?"

"நல்லா வந்திருக்கு சார். வாங்க" என்றான் கிங்ஸ்டன். ஜெயஷீலா அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்ற தைரியம்.

வந்தவர்களை நேரே வடபாதிக்கு அழைத்துப்போனான். "நான் வச்சது" என்று ஒவ்வொரு மரமாகத் தொட்டுக் காட்டினான். போட்டோ எடுத்தார்கள். ஆலந்தலை பக்கமிருந்து வந்திருந்த சந்தனச்செல்வி என்ற பெண் மட்டும் விடாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, எங்க கெணத்துல உப்பு ஏறிட்டு. முதல்ல எந்த மரம் வைக்கலாம்? எங்களுக்கு இருக்கதே அந்த ஒரு துண்டு நிலந்தான்."

அவனுக்குத் தெரியாது. "மலைவேம்பு வைம்மா, சும்மா வளரும்" என்றான்.

திரும்பியபோது தோட்டத்து வாசலில் ஜெயஷீலா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். அன்று பள்ளி சீக்கிரம் விட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"உங்க சிஸ்டரா? அண்ணன் தோட்டம் பிரமாதம்மா" என்றார் அதிகாரி.

ஜெயஷீலா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "ஆமா சார். எல்லாரும் எளநி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, தானே வெட்டிக் கொடுத்தாள். அவனுக்கும் ஒன்று நீட்டினாள். அவன் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

எல்லாரும் போனபின் அவன் மெல்ல ஆரம்பித்தான். "ஷீலா, வாய் தவறிச் சொல்லிட்டேன்..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணே. உப்புத் தண்ணிக்கு மலைவேம்பு தாங்குமா? அந்தப் பிள்ள ஒங்கள நம்பிப் போறா."

மறுநாள் காலையிலேயே அதிகாரியிடம் முகவரி கேட்டு ஆலந்தலை பக்கம் போனான். சந்தனச்செல்வியும் அவள் புருஷனும் வெயிலில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் அவள் சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சியே வந்துட்டிய!"

அந்தச் சந்தோஷத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னான். "மலைவேம்பு வைக்காதம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அது என் தோட்டமில்ல, தங்கச்சி தோட்டம். நான் வாங்குன கன்றெல்லாம் தண்ணி ஊத்தாமச் செத்துப்போச்சு."

அவள் புருஷன் மம்பட்டியைக் கீழே போட்டான். அவள் வெட்டிய குழிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நட்டு, அது பட்டுப்போயிருந்தா நாங்க எங்க போவோம் அண்ணாச்சி?"

அவன் கீழே கிடந்த மம்பட்டியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"சரி, ஒங்க தங்கச்சிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்ததும், ஜெயஷீலா சந்தனச்செல்விக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். உப்பு ஏறிய நிலத்தில் முதலில் கடல்பக்கம் சவுக்கு, அதற்குள்ளே புங்கை, மண்ணில் உப்பு கொஞ்சம் குறைந்தபின் மற்றது என்று சொல்லிக்கொடுத்தாள். கிங்ஸ்டன் பின்னால் நடந்தான். போகும்போது சந்தனச்செல்வி ஜெயஷீலாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

அதிகாரியிடமும் சங்கக் கூட்டத்திலும் அவனே உண்மையைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். ஜெயஷீலா ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எப்போதும்போல வந்தாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று அவனுக்கு இருந்தது. மழை தொடங்கியதும் தன் பக்கத்தில் அவனும் புங்கைக் கன்றுகள் நட ஆரம்பித்தான். வரப்பில் அவள் வரும்போது மட்டும் நிமிராமல் குனிந்தே மண் அள்ளினான்.