வெறும் காது

பொன்னேரித் தட்டார் குறட்டால் கடைசி வளையத்தை நெளித்து எடுத்தபோது நூருன்னிசாவுக்குக் கண் கலங்கியது. சிறுமியாக இருந்தபோது குத்திய காது. மடலின் விளிம்பு நெடுகப் போட்ட தங்க வளையங்கள் அதன்பின் கழன்றதே இல்லை. "அழிச்சுப் புதுசா பண்ணணுமாம்மா?" என்றார் தட்டார். "அப்புறம் சொல்றேன்" என்று அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறினாள்.

கழற்றச் சொன்னவர் மெட்ராஸ் டாக்டர். கண் பார்க்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு அவரிடம் போயிருந்தாள். அவர் அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, இரண்டு விரலால் அவள் கன்னத்தைக் காதுப்பக்கமாக மெல்ல ஏற்றிக் காட்டினார்.

"இவ்வளவுதான் எதிர்பார்க்கணும். காதுக்கு முன்னால சின்னக் கீறல், மடலை ஒட்டியே போகும். முழு மயக்கம் கிடையாது, ஊசி போட்டு மரக்க வைப்போம். கொஞ்ச நாள் வீங்கும், நீலம் பூக்கும். காதோரம் உணர்ச்சி வர மாசக்கணக்காகலாம். கழுத்துச் சுருக்கம் போகாது. கண்ணுக்குக் கீழே போகாது."

"அப்போ இன்னாதான் போகும் டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "பார்க்கிறவங்க, நல்லாத் தூங்கினீங்களான்னு கேப்பாங்க. அவ்வளவுதான். புது முகம் வேணும்னா என்கிட்ட வராதீங்க."

புது முகம் அவளுக்கு வேண்டியதில்லை. ஒரு போட்டோவில் இருக்கும் முகம் போதும். துபாயிலிருந்த கணவர் சம்சுதீன் கேட்டாரென்று சில வருஷங்களுக்கு முன்பு பொன்னேரி ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பியது அது. ஸ்டுடியோக்காரர் சீனிவாசன் பிலிமில் பென்சிலால் தடவித் தடவி, கன்னத்துத் தொய்வையும் கோடுகளையும் அழித்துவிட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுச் சம்சுதீன் கேசட்டில் பேசி அனுப்பினார்: "நூரு, நீ மாறவே இல்ல." அந்த இடத்தை மட்டும் அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். முதலில் சந்தோஷத்துக்காக, பிறகு பயத்தில். இப்போது அவர் நோன்புப் பெருநாளுக்கு வருகிறார், திரும்பிப் போவதாக இல்லை. ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை குறித்திருந்தது.

வளையம் கழற்றிய மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு பச்சையம்மா வந்தாள். தோணிரேவிலிருந்து கூடையோடு இறால் கொண்டுவருகிறவள். மாமியாரிடம் காதை மறைக்க முந்தின நாள் முழுக்க முக்காட்டை எடுக்காதிருந்த நூருன்னிசா, ஆம்பிளைகள் இல்லாத வீடு என்ற பழக்கத்தில் முக்காடில்லாமலே கதவைத் திறந்தாள்.

பச்சையம்மா கூடையை இறக்கவில்லை.

"பீபிம்மா, காது இன்னா வெறிச்சுனு கீது?"

நூருன்னிசாவின் கை இல்லாத முக்காட்டைத் தேடியது. குறடு பட்ட மடல் இரவெல்லாம் வலித்துக் கண் சிவந்திருந்தது. பச்சையம்மா அந்தக் கண்ணையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடை கீழே வந்தது. "ஐயோ, கடல் தாண்டிப் போன எடத்துலயா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

வாசல்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் அமீனா ஓடிவந்தாள். கணவன் இறந்த பெண் இத்தா இருக்கும் துக்க காலத்தில்தான் நகையைக் கழற்றுவாள். அந்தத் தெருவில் வேறெதற்கும் யாரும் காதை வெறுமையாக்கியதில்லை. மருமகளின் காதைப் பார்த்ததும் அமீனா, "எம் மவனே, சம்சு!" என்று சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் இருந்து வந்தவள் மாமி. தந்தி வந்தால் வாசலுக்குத்தான் வரும். அப்படியானால் அவர் இறந்த செய்தி வந்துவிட்டது என்று நூருன்னிசா நினைத்தாள்.

அந்த ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு வெடிக்கவில்லை. இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. இனி அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். அழுகைக்கு முன்னால் வந்து நின்றது அந்த நிம்மதிதான்.

"தந்தி எங்கடி?" என்று மாமி கேட்டபோதுதான் விளங்கியது. மாமியிடமும் எதுவும் இல்லை. எல்லாம் தன் காதிலிருந்து கிளம்பியது.

"மாமி, அவருக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் கழட்டினேன்." உட்கார்ந்து மாமியின் கையைப் பிடித்தாள். "மூஞ்சிக்கு ஆபரேஷன் பண்ண. தொங்கின சதைய இழுத்துத் தைப்பாங்களாம்."

பச்சையம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "இழுத்துத் தைக்கிறதுக்கு அது இன்னா கிழிஞ்ச வலையா? நான் வச்ச ஒப்பாரிக்கு நீ ஒரு டீயாவது குடுக்கணும் பீபிம்மா."

அமீனா அழுகையும் சிரிப்புமாக மருமகளின் தோளில் ஓர் அடி போட்டாள். "பாவி! அங்கேர்ந்து வந்த அபூபக்கரு சொன்னான், உம் புருஷன் மண்டையில முடியே இல்லையாம். எல்லா போட்டோவுலயும் தொப்பிதான். அதுக்கு அவன் இன்னா தச்சிகினு வர்றான்?"

நூருன்னிசாவும் சிரித்தாள். ஆனால் டீ கொதிக்கும்போது அந்த நிம்மதி நினைவுக்கு வந்தது. கன்னம் தொங்கியதற்கு டாக்டர் இருக்கிறார். ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்ததும் நிம்மதியாக இருந்ததே, அதை எந்தக் காதோரத்தில் கீறி எடுப்பது? சதையைப் பற்றி அல்ல தன் பயம் என்று அவளுக்குத் தோன்றியது. அவரிடம் ஒரு பொய்யைக் கொடுத்து வைத்திருக்கிறாள். அந்தப் பொய்க்குப் பொருத்தமாகத் தன்னை வெட்டித் தைக்கப் போகிறாள். அது தெரிந்துவிடாமலிருக்க அவர் வராமலே போனாலும் சரி என்று உள்ளே எதுவோ சம்மதித்திருக்கிறது.

"திங்கக்கிழமை போவல மாமி," என்றாள். "அவர் மொதல்ல பாக்கட்டும். அதுக்கப்புறமும் எனக்கே வேணும்னு இருந்தா பண்ணிக்குவேன். இப்போ ஒரு போட்டோ எடுத்து அனுப்புறேன்."

"வளையத்தப் போட்டுகினு எடு. வெறுங்காதோட அனுப்பினா, தானே செத்து மவுத்தாயிட்டமோன்னு அவன் பயந்துருவான்."

காது ஆறியதும் தட்டார் வளையங்களைத் திரும்பப் பூட்டினார். அங்கிருந்து ஸ்டுடியோவுக்குப் போனாள். சீனிவாசனுக்கு அவளை நினைவிருந்தது.

"போன தடவை மாதிரியே தடவிடலாம்மா. கன்னத்துல லேசா, கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு..."

"வேணாம். இருக்கறது இருக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விளக்கு நேராக முகத்தில் அடித்தது. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கத்தி என்ன செய்யும், எவ்வளவு வீங்கும் என்று டாக்டர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இந்தப் படம் துபாய் போய்ச் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத்தான் யாருமில்லை.

"இங்க பாருங்கம்மா," என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

பார்த்தாள்.