சகலை வீட்டு அழுக்கு

மனித குலத்தில் பொறாமை என்ற உணர்ச்சியே இல்லாமல் பிறந்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா. ஆதாரம் வேண்டும் என்பவர்கள் அவரிடமே கேட்கலாம். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"அந்தக் குணமே நமக்குக் கெடையாதுப்பா. அடுத்தவன் வீட்டுல என்ன இருக்குன்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்" என்பார், எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தபடி.

அந்தக் கூரைக்கு மேலேதான் சித்தப்பா வீடு. அம்மாவின் தங்கை கணவர். அப்பாவுக்குச் சகலை. ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்குள் ஒரு தோழமை இருந்திருக்க வேண்டும். இல்லை. சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பழகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துபவர். அந்த பிரேக்கை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் "மெதுவா, மெதுவா" என்று ஒரு மிதி.

"அவன் கல்யாணத்துலயும் அதைத்தான் சொல்லியிருப்பான்" என்பது அப்பாவின் கருத்து.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிவிடுவார். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் சரியாகத் துடைக்காததால் வருவது என்று நம்புகிறார்.

இரண்டு வீட்டு ஹாலிலும் ஆறடி நீளத்துக்கு மீன்தொட்டி உண்டு. முதலில் வாங்கியது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. முதலில் வாங்கியவர் அப்பா. முதலில் நினைத்தவர் சித்தப்பா. எங்கள் தொட்டியில் கையகலத் தங்கமீன்கள். அவற்றில் தலை வீங்கி, வகுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஓரமாகவே நீந்தும் ஒன்றுக்கு அம்மா 'ஹெட்மாஸ்டர்' என்று பேர் வைத்திருந்தாள்.

வித்தியாசம் வடிகட்டியில் இருந்தது. எங்கள் தொட்டிக்குள் ஒட்டியிருந்த பழைய வடிகட்டி, ஈரத்துணியைப் போட்டு மிக்ஸியை ஓட்டியது போல் கத்தும். மேலே சித்தப்பா, தொட்டிக்கு அடியில் ஒரு மர அலமாரி செய்து, அதற்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்திருந்தார். மேலேயிருந்து இறங்கும் தண்ணீர் அந்த அறைகளில் இருக்கும் ஸ்பாஞ்சுகள் வழியாக நிதானமாக ஊர்ந்து, கடைசி அறையில் இருக்கும் மோட்டார் ஏற்றிவிட, மறுபடி மேலே போகும். சம்ப் என்பார்கள். சத்தமே கிடையாது. ஆனால் அலமாரியைத் திறந்தால் ஸ்பாஞ்செல்லாம் கரும்பழுப்பு.

"மேல மாளிகை, கீழ சாக்கடை" என்றார் அப்பா. "அழுக்குக்கு அறை அறையா கட்டிக் குடிவெச்சிருக்கான்யா. வாடகைதான் வாங்கல."

இவ்வளவும் தமாஷாகவே போயிருக்கும். ஆனால் அம்மா ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க, முகம் தெரியாதவர்கள் போனில் கத்துவதைப் பொறுமையாகக் கேட்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சத்தம் இல்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. டீயைப் போட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு, மேலே தங்கை வீட்டுக்குப் போய், அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். டீ ஆறும்வரை, சில நாள் ஆறிய பிறகும்.

கீழே அப்பா, எங்கள் தொட்டிக்கு எதிரே கிடந்த காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"உங்கம்மா எங்கடா?"

"மேல. மீன் பார்க்க."

"இங்க இருக்கறது என்ன, கோழியா?"

இதில் பொறாமை எதுவும் இல்லை. வெறும் விசாரணை.

ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார். கடைக்காரர் தொட்டியின் நீளம், மீன்களின் அளவு, போடும் தீனி எல்லாம் கேட்டார். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

"சம்ப்புக்கு நேர் எதிரானது எது?"

கடைக்காரர் தன் அனுபவத்தில் இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்து, ஒரு பெரிய மூடிய டப்பாவை எடுத்து வைத்தார். கேனிஸ்டர். இரண்டு குழாய், ஒன்று தண்ணீரை இழுக்கும், ஒன்று திருப்பி விடும். உள்ளே வெள்ளை ஸ்பாஞ்சுகள். அதோடு ஒரு புற ஊதா விளக்கும் உண்டு. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியை அது கொன்றுவிடும்.

"சத்தம்?"

"காதை வெச்சாத்தான் கேக்கும் சார்."

"தெளிவு?"

"தண்ணி இருக்கறதே தெரியாது. ஆனா ஒண்ணு. மீன் கழிவுலயிருந்து ஒரு விஷம் வரும், அமோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாஞ்சுல வளர்ற நல்ல கிருமிதான் அதைத் தின்னு தீர்க்கும். புது ஸ்பாஞ்சுல கிருமி இருக்காது. அதனால நல்லா ஓடிட்டிருக்கற தொட்டி யார்கிட்டயாவது இருந்தா, அவங்க பழைய ஸ்பாஞ்சைக் கொஞ்சம் உள்ள பிழிஞ்சு விட்டுடுங்க. அப்புறம் குழாய்த் தண்ணியில மட்டும் கழுவிடாதீங்க. அதுல கலக்கற மருந்து கிருமியெல்லாத்தையும் கொன்னுடும்."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "காசு குடுத்து வடிகட்டி வாங்கி, அதுல அடுத்தவன் அழுக்கை இரவல் வாங்கி ஊத்தணுமாம். பேக் பண்ணுங்க."

கேனிஸ்டர் வந்தது. பழைய வடிகட்டி குப்பைக்குப் போனது. தண்ணீர் உண்மையிலேயே இருப்பது தெரியவில்லை. மீன்கள் ஹாலில் மிதப்பது போல் இருந்தன. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பாஞ்சுகளை வெளியே எடுத்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, லென்ஸ் கழுவுவது போல் கழுவினார். பால் வெள்ளையாகும்வரை விடவில்லை. அந்தச் சமயத்தில் பால்கனிக் கதவையும் திறந்து வைப்பார், மேலே இருப்பவர்களுக்கும் குழாய்ச் சத்தம் கேட்கட்டும் என்று.

ஒரு மாலை அது நடந்தது. அம்மா டீக்கோப்பையோடு வாசல்வரை போனவள், நின்று, திரும்பி வந்து, எங்கள் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்பா மூச்சுக்கூட விடவில்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லையே" என்றாள் அம்மா.

"அப்படியா? நான் கவனிக்கல."

"நல்லாதான் இருக்கு." ஒரு வாய் டீ குடித்தாள். "ஏங்க, எல்லாம் ஏன் மேலயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுது?"

"உன்னைப் பார்த்த சந்தோஷம்."

"ஹெட்மாஸ்டர் ஏன் அடியில படுத்திருக்கார்?"

பேப்பர் கீழே வந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு மூலையில், துடுப்பை மடக்கிக்கொண்டு சாய்ந்திருந்தார். அதுவும் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தார்! ஒவ்வொரு செதிலையும் எண்ணலாம்.

அம்மா போனில் சொல்ல, சித்தப்பா ஒரு சின்னப் புட்டியோடு இறங்கி வந்தார். தொட்டித் தண்ணீரை அதில் பிடித்து, மருந்து விட்டுக் குலுக்கினார். அது கரும்பச்சையானது.

"அமோனியா ஏறிக் கெடக்கு சகல. ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா?"

"வாரா வாரம். குழாயடியில. வெள்ளை வெளேர்னு இருக்கு, வேணும்னா வந்து பாரு."

"அய்யோ, குடியிருந்ததையெல்லாம் கொன்னுட்டீங்களே. ஒண்ணும் ஆகல, மெதுவா சரி பண்ணிடலாம், மெதுவா. என் சம்ப்புல இருந்து ஒரு ஸ்பாஞ்ச் எடுத்துட்டு வரேன். நல்லா ஊறின அழுக்கு."

வில்லன்கள் சிரிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. சித்தப்பா சிரிக்கவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"வேணாம்ப்பா. உங்க வீட்டு அழுக்கு உங்க வீட்டுலயே இருக்கட்டும். நாங்க தண்ணி மாத்திக்கறோம்."

மாற்றினோம். அதாவது, அப்பா கட்டளையிட, நான் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் மருந்தை முறித்து, வாளி வாளியாகச் சுமந்தேன். வாய் திறந்த மீன்கள் கொஞ்சம் மூடின. மறுநாள் மறுபடி திறந்தன. ஹெட்மாஸ்டர் எழுந்திருக்கவே இல்லை. அப்பா அவருக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, வெளிப்பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அம்மா டீயை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க?"

"மேல."

"இப்பதான் சத்தமில்லையே."

"இங்க உக்காந்து அது சாகறதைப் பார்க்க முடியாதுங்க. அங்க மீன் நீந்துது."

கோபமாகச் சொல்லவில்லை. புகார்ப் பிரிவில் பேசும் அதே குரல்தான். அப்பா நாற்காலியைத் துடைக்கவில்லை. மஞ்சள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கல்லூரியில் கடைசி இரண்டு வகுப்பு நடக்கவில்லை. அம்மாவுக்கு அன்று விடுமுறை. வீடு பூட்டியிருந்தது; சாவி அவளிடம். மேலே போனேன். சித்தப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போயிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

அம்மா சோபாவில், கோப்பையோடு, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஒருவருக்கு இடம் விடுவதற்காக. அந்த ஒருவர் தரையில் முட்டி போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அலமாரிக்குள் தோள்வரை நுழைந்திருந்தார். பக்கத்தில், கடையில் லென்ஸ் கழுவும் வெள்ளைத் தட்டு. அதில் கரும்பழுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"கடைல கரண்ட் இல்ல" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அதை விடுங்க" என்றாள் அம்மா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடு அறையில இருக்கறதை எடுங்க. அதுலதான் நிறைய பிடிச்சிருக்கும்."

"தெரியும்" என்றார் அப்பா. முதல் ஸ்பாஞ்சை வைத்துவிட்டு நடு அறையில் இருந்ததை எடுத்தார். இரண்டு கையாலும் பிழிந்தார். ஒரு சொட்டும் வெளியே போகாமல் பிழிந்தார். பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிழிந்தார்.

சமையலறையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தாள். "அத்தான், உங்களுக்கு டீ போடட்டுமா?"

"வேணாம்மா. நான் வரவே இல்ல."

"சரி அத்தான்" என்று சித்தி உள்ளே போய்விட்டாள்.

அப்பா எழுந்தார். மணிக்கட்டுவரை சேறு. துடைக்கவில்லை. அந்தக் கையாலேயே தட்டைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போனேன்.

"வேணாண்டா, குலுக்கும். படியிலயே போவோம். நீ முன்னால போய்க் கதவைத் திற."

"சாவி?"

அம்மாவும் எழுந்து வந்தாள், ஒரு கையில் சாவியும் ஒரு கையில் பாதி டீயுமாக. நான் முன்னால் இறங்கினேன். பின்னால் அப்பா, படிக்குப் படி நின்று, தட்டில் அசையும் அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்தபடி, தனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மெதுவா... மெதுவா."